மச்சானின் வயர்லெஸ் கார்ட்

2009 மே 14, வியாழன்
என் அக்கா, ராத்தாவின் புது மாப்பிள்ளை, மச்சானுடைய லெப்டொப்பைக் கெடுத்துவிட்டேன். வைரஸ் என்றதும், வகுப்புத் தோழி உசாந்தினி தந்த சீடியைப் போட்டு, விண்டோஸை அழித்து லினக்ஸ் ஏற்றினேன். ஒருவரையும் கேட்கவில்லை. எல்லாம் ஓடுகிறது, வயர்லெஸ் கார்ட் மட்டும் இல்லை. அந்தக் கார்டை லினக்ஸுக்குத் தெரியாதாம்.

அடுத்த வாரம் சனிக்கிழமை, மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு கட்டார் கொம்பனி மச்சானை ஸ்கைப்பில் நேர்முகம் காணப்போகிறது. அந்நேரம் நெட் கடைகள் பூட்டிவிடும். சுனாமி வீட்டுத்திட்டம், சுவருக்குச் சுவர் என்பதால் பக்கத்து வீட்டு றஸாக் மாமாவின் இணைய இணைப்பு எங்கள் அறைவரை வரும். அதை நம்பித்தான் மச்சான் ஓம் என்றிருக்கிறார். யா அல்லாஹ்.

மே 15
ராத்தா அவரிடம் சொல்லிவிட்டாள். நான் இன்னும் மச்சானுக்கு முன்னால் போனதில்லை, கதைத்ததும் இல்லை. கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றேன்.

"நான் ஏச மாட்டன். என்ன வேணுமெண்டு தங்கச்சியக் கேளுங்க" என்றார் ராத்தாவிடம்.

கார்டின் இலக்கத்தை எழுதி ராத்தாவிடம் கொடுத்தேன்.

மே 17
மச்சான் விண்டோஸ் ட்றைவரை டவுண் நெட் கடையில் இறக்கி, பென் ட்றைவில் கொண்டுவந்தார். ஆனால் அதை லினக்ஸில் ஓட்ட இன்னொரு மென்பொருளும் வேண்டும். எனக்கு அது தெரியும்! மறுபடியும் ராத்தாவைத் தூது அனுப்ப வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டேன். என்ன வெட்கம் இது?

மே 19
வன்னியில் சண்டை முடிந்துவிட்டதாம். எங்கேயோ வெடி கொளுத்துகிறார்கள். லினக்ஸைப் பற்றி உசாந்தினியிடம் கேட்க இன்றைக்கு மனம் வரவில்லை.

மே 22
"நீயே கேளுகா. நான் என்ன தந்திக் கந்தோரா?" என்று ராத்தா குசினிக்குப் போய்விட்டாள்.

சீலையைப் பிடித்துக்கொண்டேன். "மச்சான்... இன்னொரு சாமானும் வேணும்."

சீலைக்கு அந்தப் பக்கம் மச்சானின் குரல். "அட, எங்கட இஞ்சினியருக்கு வாயும் இரிக்கி!"

உம்மா சிரிப்பது கேட்டது. மச்சான் அந்த வெயிலில் சைக்கிளை மிதித்துப் போய் இறக்கி வந்தார். வெளியே இருந்து அவர் கட்டளைகள் எழுதிய தாளைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க, உள்ளே நான் அடித்தேன். கடைசி வரி - நீல விளக்கு எரிந்தது! றஸாக் மாமாவின் பெயர் திரையில் வந்தது. எல்லாரும் கத்தினோம். ராத்தா மட்டும் சிரிக்கவில்லை.

மே 23
வேலை கிடைத்துவிட்டது.

ஆகஸ்ட் 14, வெள்ளி
ஜும்ஆத் தொழுகை முடிந்து மச்சான் கட்டாரிலிருந்து ஸ்கைப்பில் வந்தார். ராத்தா கதைக்கத் தொடங்கி அழுதுவிட்டாள். ராத்தா என் கையைப் பிடித்து இழுத்துத் திரைக்கு முன்னால் இருத்தினாள். "நீ கதைகா."

முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்தேன். மச்சான் மெலிந்திருந்தார். கண் சிவந்திருந்தது.

"சாப்பிட்டீங்களா மச்சான்?" என்று கேட்டேன்.