உங்கள் சீட்டில் யாரும் உட்காருவதில்லை

முன் சீட்டுச் சரோஜா அக்காவுக்கு,

பின் சீட்டிலிருந்து உங்கள் விஜி எழுதுகிறேன். நீங்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் கொண்டை ஊசி வளைவு எதுவும் இருக்காது என்று நம்புகிறேன். இருந்தால் இந்நேரம் அங்கேயும் ஒரு பஸ்ஸை நிறுத்தியிருப்பீர்கள்.

இங்கே எனக்குக் குமட்டுகிறது அக்கா. என் வயிறு எவ்வளவு கெட்டி என்று உங்களுக்குத் தெரியும். ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வரைக்கும் வேர்க்கடலை தின்றுகொண்டே இறங்குகிறவள் நான். அதைப் பார்த்தாலே உங்களுக்குப் புரட்டும். "அந்தப் பொட்டலத்த மூடறயா, இல்ல உன் மேலயே எடுக்கட்டுமா?" என்பீர்கள். அப்படிப்பட்ட எனக்கு இப்போது நம் பஸ்ஸைக் கண்டாலே குமட்டுகிறது.

யுனிவர்சிட்டி பஸ் இன்னும் ஓடுகிறது. காலையில் மலை வளாகத்திலிருந்து சேலத்துப் பெரிய வளாகத்துக்கு, சாயங்காலம் அங்கிருந்து மேலே. லேப் எல்லாம் இன்னும் கீழேதான். மேலேயும் ஒன்று கட்டித் தருவதாக நீங்கள் இருக்கும்போது சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது சொல்வதையும் நிறுத்திவிட்டார்கள். டிரைவர் மாரியண்ணனுக்கு மீசை முழுக்க நரைத்துவிட்டது.

அந்த பஸ்ஸில் நீங்கள் வைத்திருந்தது ஒரே ஒரு சட்டம். யாருக்கு வயிற்றைப் புரட்டுமோ அவர்களுக்கு முன் சீட். பேராசிரியரா, மாணவியா என்ற பேச்சே கிடையாது. முதல் ஆளாக நீங்களே ஆரஞ்சுத் தோலை மூக்கில் வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருப்பீர்கள். தாவரவியல் துறைத் தலைவரான நீங்கள், மூன்றாவது வளைவுக்குள் ஜன்னல் வழியாக வேலையை முடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு பின்னால் திரும்புவீர்கள். "அடுத்தது யாரு கண்ணு? கூச்சப்படாம முன்னால வா சாமி." பஸ்ஸே சிரிக்கும். அந்தச் சிரிப்பில் யாரும் யாரையும் கேவலமாக நினைத்ததில்லை.

நீங்கள் போன பிறகு போக்குவரத்துப் பொறுப்பாளர் என்று ஒருவர் வந்தார். மேலே குவார்ட்டர்ஸில் குளிர் காற்று வாங்கிக்கொண்டு கீழே ஆபீசுக்கு வருகிறவர். உங்கள் முதல் நினைவு நாளன்று அவர் செய்த காரியத்தைக் கேளுங்கள். டிரைவருக்குப் பின்னால் இருக்கும் கம்பித் தடுப்பில், உங்கள் சீட்டுக்கு நேர் எதிரே, உங்கள் படத்தை மாட்டினார். பிளாஸ்டிக் மாலை போட்டார். சீட்டின் குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டி, 'பேராசிரியர் சரோஜா நினைவு இருக்கை, யாரும் அமரக் கூடாது' என்று போர்டு வைத்தார். எல்லோரும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள்.

"அந்த சீட்ல பிள்ளைங்க உக்காந்தாத்தாங்க சார் அக்காவுக்கு மரியாதை" என்றேன். "மேடம், சென்டிமென்ட்ல கை வைக்காதீங்க" என்றார்.

மற்ற முன் சீட்டுகளுக்கு 'ஆசிரியர்களுக்கு மட்டும்' என்று இன்னொரு போர்டு. அங்கே உட்காருகிற ஒருவருக்கும் வாந்தி வருவதில்லை. தூக்கம்தான் வருகிறது. என் இடத்தை ஒரு பிள்ளைக்குக் கொடுத்தேன், எழுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து நானும் பின் சீட்டுக்காரிதான்.

இதில் ஊதுபத்தி வேறு. தினமும் காலையில் உங்கள் படத்துக்கு முன்னால் கொளுத்திவைக்கிறார். மார்கழிக் குளிரில் கண்ணாடியெல்லாம் மூடியிருக்கும்போது அந்தப் புகை பஸ் முழுக்கச் சுற்றுகிறது. ஊதுபத்தி வாசம் பட்டால் உங்களுக்கு என்ன ஆகும் என்று துறைக்கே தெரியுமே!

பூங்கொடி என்று ஒரு பெண். உங்கள் காலத்துக்குப் பிறகு சேர்ந்தவள். நாகலூரில் அப்பா அம்மா இருவருக்கும் காப்பி எஸ்டேட்டில் வேலை. அவள் நாகலூர் பஸ்ஸைப் பிடித்து ஏற்காடு வருவதற்குள் நம் பஸ்ஸில் கடைசி சீட்தான் மிச்சம் இருக்கும். வளைவுக்கு வளைவு தூக்கித் தூக்கிப் போடுமே, அதுதான். துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு என் பக்கத்தில் தினமும் உட்கார்ந்திருப்பாள்.

போன செவ்வாய்க்கிழமை அவளால் முடியவில்லை. தள்ளாடிக்கொண்டு முன்னால் போனாள். பஸ்ஸில் காலியாக இருந்த ஒரே இடம் உங்களுடையது. ரிப்பனைத் தூக்கிவிட்டு உட்காரப் போனவளைப் பொறுப்பாளர் கையை நீட்டித் தடுத்தார். "ஏம்மா, போர்டு படிக்கத் தெரியாதா?" அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அவ்வளவுதான். உங்கள் படம், மாலை, அவருடைய சட்டைக் கை, எல்லாவற்றின் மேலும்.

நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அவர் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி, எல்லோர் முன்னாலும் கேட்டார்: "எஸ்டேட் லைன் வீட்டுல வளர்ந்ததுகளுக்குச் சுத்தம்னா என்னன்னு தெரியுமா?" அவள் துப்பட்டாவாலேயே உங்கள் படத்தைத் துடைக்கச் சொன்னார். நான் ஓடிப் போய்ப் படத்தைப் பிடுங்கிக்கொண்டேன். "தடுத்தது நீங்க. நீங்க துடைங்க சார்" என்று கத்தினேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மற்ற ஆசிரியர்கள் அத்தனை பேரும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சீ என்று ஆகிவிட்டது அக்கா. கீழே கொட்டியதைக்கூடக் கழுவிவிடலாம். அந்த முகங்களை என்ன செய்வது?

மறுநாள் உங்கள் படம் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. அன்றிலிருந்து பூங்கொடிதான் வரவில்லை. இப்போதே அவளுக்கு வருகைப்பதிவு குறைவு. வருகிற வாரமும் லேபுக்கு வராவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். இன்று ஞாயிற்றுக்கிழமை, நாகலூருக்குப் போய்வந்தேன்.

"நொம்ப அழுவறாளுங்க மிஸ்" என்றார் அவள் அம்மா. "ஊட்ட உட்டு வெளிய வரமாட்டேங்கறா. நாளைக்கு எங்கூடத் தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கறனுங்க."

பொறுப்பாளர் திட்டியதற்காக அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். "அவரு சொன்னதுக்கு இல்லீங்க மிஸ்" என்றாள் பூங்கொடி. "அந்தம்மா சாமியாட்டம் இருந்தவங்களாமா. செத்தவங்க மேல போயி இப்படிப் பண்ணிட்டனுங்களே. எனக்குப் பாவம் புடிக்காதுங்களா?"

உங்களைக் கடைசியில் என்னவாக ஆக்கி வைத்திருக்கிறார்கள், பாருங்கள்! வயிறு புரட்டுகிற பிள்ளை பயப்படுகிற சாமியாக.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். இந்த ரோட்டில் நீங்கள் வாந்தி எடுக்காத வளைவே கிடையாது என்றேன். துணைவேந்தரோடு காரில் போனபோது அவர் ஃபைலைக் கேட்டு வாங்கி அதற்குள்ளேயே எடுத்ததையும் சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள், வேறு வழியில்லை. அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நெசமாவாங்க மிஸ்? அவ்வளவு படிச்சவங்களுக்குமா வரும்?" அவள் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். பூங்கொடி சிரிக்கவில்லை. "உக்கார எடம் இருந்தா வரேனுங்க" என்றாள். நாளைக்கு இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பும் வழியில் மாரியண்ணனைப் பார்த்து, நாளைக்கு நான் செய்யப் போவதைச் சொன்னேன். "ஏனுங்க டீச்சர், நானு ரோட்டப் பாத்து ஓட்டறவன். முதுகுக்குப் பின்னால ரிப்பன யாரு அவுத்தாங்கன்னு எனக்கெப்படீங்க தெரியும்?" என்றார்.

ஆக, அக்கா, இது என் சத்தியம். நாளைக் காலையில் ரிப்பனையும் போர்டையும் கழற்றுவேன். ஊதுபத்தியைச் சாக்கடையில் போடுவேன். உங்கள் சீட்டில் பூங்கொடி உட்காருவாள். பொறுப்பாளர் கையை நீட்டினால் அந்தக் கையைத் தட்டிவிட நான் நிற்பேன். மெமோ வந்தால் வரட்டும்.

உங்கள் படத்தை என்ன செய்வது என்று யோசித்தேன். கழற்றி, என் மடியில் வைத்துக்கொண்டு கடைசி சீட்டில் உட்காரப் போகிறேன். உங்களுக்குப் பின் சீட் ஆகாது, தெரியும். ஆரஞ்சுத் தோல் எடுத்து வைத்திருக்கிறேன், வேர்க்கடலை கொண்டுவரமாட்டேன். அதையும் மீறி வந்தால், கூச்சப்படாமல் என் மேலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
விஜி