கடைசி மைதானமும் காளிச்சாமி பெரியப்பாவும்

சூலூர்,
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மிதுன் கண்ணுவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம். மெல்போர்னில் இப்போது நடுங்குகிற குளிர் என்று செய்தியில் பார்த்தேன், மருதமலையான் புண்ணியத்தில் நீ சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. தர்மசாலாவில் எடுத்த போட்டோவை ஏன் அனுப்பவில்லை என்று நீ கூப்பிடும்போதெல்லாம் கேட்கிறாய், நானும் நெட் சரியில்லை, போன் ரிப்பேர் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். போன் நன்றாகத்தான் இருக்கிறது. உன்னிடம் வாயால் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அத்தை சொல்லித் தெரிவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

ஐபிஎல் நடக்கிற மைதானம் ஒன்று விடாமல் பார்த்துவிடுவது என்று ரிட்டையர் ஆன வருஷம் நானும் என் சிநேகிதர்கள் முஜீபும் சென்னகேசவனும் கிளம்பியது உனக்குத் தெரியும். சேப்பாக்கத்தில் ஆரம்பித்து, மூன்று கிழவன்களும் மஞ்சள் பனியனை மாட்டிக்கொண்டு ஊர் ஊராக ரயில் ஏறினோம். கொல்கத்தாவில் முஜீப் செருப்பைத் தொலைத்தான், லக்னோ வெயிலில் சென்னகேசவனுக்கு மயக்கமே வந்துவிட்டது, எதற்கும் நிற்கவில்லை. பாக்கி இருந்தது தர்மசாலா ஒன்றுதான். அங்கே வருஷத்துக்கு இரண்டு மூன்று மேச்சுதான் வைப்பார்கள், விட்டால் அடுத்த வருஷம்தான், நீதான் ஆன்லைனில் காத்துக் கிடந்து டிக்கெட் எடுத்துக் கொடுத்தாய். டிக்கெட் வந்த மறு வாரம் பெருந்துறையிலிருந்து உன் அத்தை ராசாத்தாள் போன் பண்ணினாள். மகள் பிரீத்திகாவுக்குச் சென்னிமலைப் பக்கம் மாப்பிள்ளை அமைந்துவிட்டது, உறுதி வார்த்தை சொல்லி நிச்சயம் பண்ண நாள் குறித்தாயிற்று, தாய்மாமன் நீங்கள் முன்னால் உட்கார்ந்து வார்த்தை சொல்லி உப்புச் சர்க்கரை மாற்ற வேண்டும் என்று ஒரே சந்தோஷம். பார்த்தால் மேச்சும் அதே நாள்.

மேச்சுக்குப் போகிறேன் என்று அறுபத்து மூன்று வயதில் தங்கச்சியிடம் சொல்ல வாய் வரவில்லை கண்ணு. காய்ச்சல் என்றால் பார்க்க வந்து நிற்பாள். அப்போது என் புத்தி போன போக்கை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. விசேஷத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் போன் பண்ணி, சத்தியமங்கலத்தில் பங்காளி வீட்டில் சாவு, நமக்குத் தீட்டு, கருமாதி முடியும்வரை நல்ல காரியத்தில் கால் வைக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். தீட்டு என்றால் யாரும் வா என்று வற்புறுத்த மாட்டார்கள், வராதே என்றுதான் சொல்வார்கள். கட்டிக் கொடுத்துப் போனவளுக்கு அந்தத் தீட்டு ஒட்டாது, அவள் காரியமும் நிற்காது என்று கணக்குப் போட்டேன். யாருங்கண்ணா போனது என்று கேட்டாள். அதை நான் யோசித்து வைக்கவில்லை. நாக்கில் வந்த பேர் காளிச்சாமி அண்ணன். ஆமாம், நம் காளிச்சாமி பெரியப்பாதான், சின்ன வயதில் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பண்ணாரியில் குண்டம் மிதிப்பதைப் பார்க்கப் போன மனுஷன். ராசாத்தாள் ஓவென்று அழுதாள். நல்ல காரியம் வைத்துக்கொண்டு நீ சாவு வீட்டுப் பக்கம் போகக் கூடாது, அதனால்தான் எடுத்து முடிந்த பிறகு சொல்கிறேன் என்று அவளுக்கு ஆறுதல் வேறு சொன்னேன். உன் அம்மா பக்கத்தில் நின்று எல்லாம் கேட்டாள். விசேஷத்துக்கென்று எடுத்து வைத்திருந்த புடவையை மறுபடி பீரோவில் வைத்துப் பூட்டினாள். எனக்குத் தீட்டு என்றால் அவளுக்கும் தீட்டுத்தானே.

உன் மாமா பொங்கியண்ணனைத்தான் உனக்குத் தெரியுமே, வெள்ளந்தி. விசேஷத்துக்கு முதல் நாள் கோபிக்கு யாரையோ அழைக்கப் போனவர், அத்தனை தூரம் வந்து துக்கம் கேட்காமல் திரும்பினால் மரியாதை இல்லை, உள்ளே போகாமல் வாசலிலேயே அண்ணன் மகனிடம் ஒரு வார்த்தை விசாரித்துவிடலாம் என்று சத்தியமங்கலத்துக்கு வண்டியை விட்டிருக்கிறார். கேட்டைத் திறந்ததே காளிச்சாமி அண்ணன், வாழைக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்த சேற்றுக் காலோடு. “ஏனுங் மாப்பள, மொகமெல்லாம் வாடிக் கெடக்குது, ஆருக்கு என்னாச்சுங்க?” என்று கேட்டாராம். துக்கம் கேட்க வந்த மனுஷனிடம் செத்தவரே துக்கம் விசாரிக்கிறார். ஆனாலும் பெரிய மனுஷன், என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நாளைக்குப் பிரீத்திகாவுக்கு உறுதி வார்த்தை, மச்சான் ஊரில் இல்லை, மாமன் முறைக்கு நீங்கள்தான் வர வேண்டும் என்று அழைத்துவிட்டு வந்துவிட்டார். வீட்டிலும் வாய் திறக்கவில்லை. மறுநாள் காளிச்சாமி அண்ணன் வெள்ளை வேட்டியோடு காரிலிருந்து இறங்கினால், ராசாத்தாள் வாங்கண்ணா என்றுகூடச் சொல்லாமல், கால் தரையில் படுகிறதா என்று அவர் காலையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். நான் சாகடித்த மனுஷன் என் இடத்தில் உட்கார்ந்து, நான் கொடுக்க வேண்டிய வார்த்தையைக் கொடுத்து, உப்புச் சர்க்கரை மாற்றிவிட்டுப் போயிருக்கிறார்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் தர்மசாலாவில் விசில் ஊதிக்கொண்டிருந்தேன். உன் அம்மா போன் பண்ணினாள். ஒரே கூச்சல், காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். “சத்தியமங்கலத்து மாமா வந்துதான் காரியத்த முடிச்சுக் குடுத்தாருங்களாமா. நீங்க மேச்சு பாத்துப்போட்டு மெதுவா வாங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள். அதற்கப்புறம் யார் ஜெயித்தார்கள் என்றே எனக்கு ஞாபகம் இல்லை, முஜீபைத்தான் கேட்க வேண்டும். எல்லா மைதானமும் பார்த்து முடித்தோம் என்று மூன்று பேரும் போட்டோ எடுத்தோம், அதில் என் முகத்தைப் பார்க்கச் சகிக்காது.

ஊர் வந்ததும் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். வாய்க்கு வந்தபடி திட்டுவாள் என்று போனால், காபி கொடுத்து எதிரில் உட்கார்ந்தாள். ஆவணியில் கல்யாணம், மேடையில் மாமன் முறைக்குக் காளிச்சாமி அண்ணனே நிற்கட்டும் என்றாள். “மேச்சுக்குப் போறேன்னு சொல்லியிருந்தா நாளையே மாத்தி வெச்சிருப்பனுங்கண்ணா” என்றாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. அடுத்த வாரம் சத்தியமங்கலத்துக்குப் போனேன், மன்னிப்புக் கேட்க மட்டுமல்ல, மாமன் முறையை எனக்கே விட்டுத் தரச் சொல்லிக் கேட்கவும்தான். காளிச்சாமி அண்ணனுக்கு அதற்குள் எல்லாம் தெரிந்திருந்தது, கோபமே இல்லை, இளநீர் வெட்டிக் கொடுத்தார். கிளம்பும்போது, “நெசமாலுமே நான் போற அன்னிக்கு வந்துருவீல்ல தம்பி?” என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் பதிலுக்குக் காத்திருந்தார். வந்துருவனுங்கண்ணா என்றேன். என் சொல்லுக்கு என்ன மரியாதை இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. கேட்க வந்ததைக் கேட்காமலே பஸ் ஏறிவிட்டேன்.

எனக்காக நீ அத்தையிடம் பரிந்து பேசாதே கண்ணு, அவள் செய்தது சரி. டிக்கெட் எடுத்துக் கொடுத்தோமே என்று நீயும் மனசைக் குழப்பிக்கொள்ளாதே. அம்மா இப்போதுதான் இரண்டு நாளாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசுகிறாள், உனக்குப் பருப்புப் பொடி பார்சல் போடச் சொல்லியிருக்கிறாள். நேரத்துக்குச் சாப்பிடு, நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், என் புத்தி மட்டும் உனக்கு வரக் கூடாது. ஆவணிக்கு லீவு இப்போதே சொல்லி வை. மண்டபத்துக்கு வந்ததும் என்னை மேடையில் தேடாதே. இத்தனை ஊர் மைதானத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவன், என் தங்கச்சி மகள் கல்யாணத்தையும் கீழே நாற்காலியில் உட்கார்ந்துதான் பார்ப்பேன். பக்கத்தில் உனக்கும் ஓர் இடம் பிடித்து வைக்கிறேன்.

இப்படிக்கு
உன் அப்பா,
குழந்தைச்சாமி