டாக்டர் படம் போட்ட டின்

என்னங்க,

அக்காவைப் பார்க்க ஒடுகத்தூர் போறேன். சாயங்கால பஸ்ல வந்துடுவேன். கேழ்வரகுக் களியும் கீரைக் குழம்பும் மூடி வச்சிருக்கேன். வெளிய போனா சாவியைக் கோவிந்தம்மா வீட்ல குடுத்துட்டுப் போங்க.

நேத்து நீங்க வாங்கிட்டு வந்த சத்துமாவு டின்னைப் பத்திக் கேட்டதுக்கு, "படிச்சவங்க தயார் பண்ணது, உனக்கு இன்னா தெரியும்?"னு கத்துனீங்க. சரின்னு நானும் படிச்சே பார்த்தேன். முன்பக்கம் கொட்டை எழுத்துல "சர்க்கரை வியாதிக்கு உகந்தது"ன்னு இருக்கு. பின்பக்கம் பொடி எழுத்துல, இன்னின்ன சேர்த்திருக்குன்னு போட்டிருக்கான். முதல்ல சர்க்கரை, அடுத்தது குளுக்கோஸ், கடைசியிலதான் கேழ்வரகு. கழுத்துல குழாய் மாட்டிக்கிட்டுச் சிரிக்கிற டாக்டரும் வேற யாரும் இல்ல. பக்தவச்சலம் கடைக் காலண்டர்ல பனியன் போட்டுச் சிரிக்கிற அதே ஆள்.

தோல் பதனிடுற ஷாப்புல நீங்க செலக்‌ஷன் மேஸ்திரி. மேல்பக்கம் எவ்வளவு பளபளத்தாலும், புரட்டிப் பார்க்காம ஒரு தோலுக்கும் கிரேடு போட மாட்டீங்க. இந்த டின்னை மட்டும் ஏன் புரட்டலை? உங்க கால் புண்ணு மூணு வாரமா ஆறலை. எனக்குப் பயமா இருக்கு.

சாவித்திரி

டின்னைத் தேட வேணாம். கையோட எடுத்துட்டுப் போறேன்.

இன்னொண்ணு. காலையில மீசையில வெள்ளையா இருந்தது பல்பொடின்னு சொன்னீங்க. துடைச்ச துண்டு கொடியில தொங்குது, போய்ப் பாருங்க. எறும்பு மொய்க்குது.