ஜெமீல் வாயால் நீ சொன்னது

என்ட சீனிமகன் றிஸ்மிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். கட்டார் வெயிலில் அல்லாஹ் உனக்குச் சுகத்தைத் தரட்டும், இங்கே நாங்கள் இருக்கிறோம், சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் கதைத்தால் நீ அழுவாய், நானும் இரங்கிப்போவேன், அதனால்தான் எழுதுகிறேன். வாப்பா மவுத்தாகி இன்னும் நாற்பது கழியவில்லை, நான் புருஷன் போனவள் இருக்கிற நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் அறைக்குள்ளே இருக்கிறேன், உன் தங்கச்சி அம்ஹா சோறு கொண்டுவந்து வைத்தால் சாப்பிடுகிறேன்.

அன்று ஜனாஸாவைத் தூக்க முன் வாசலில் நடந்ததை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மகன் வர முடியாவிட்டால், மையித்துக்காகச் சனத்திடம் மன்னிப்புக் கேட்கும் தன் பொறுப்பை இன்னொருவரிடம் கொடுப்பது வழக்கம்தான், அதை நான் குறை சொல்லவில்லை. வாப்பாவின் கூடப்பிறந்த உன் சாச்சா அழுது வீங்கின கண்ணோடு அங்கேயே நின்றார். நீ ஜெமீலுக்குக் கொடுத்தாய். வயலுக்கு வந்த தண்ணீரை மறித்து, கேட்கப் போன உன் வாப்பாவைக் கூலிக்காரர் பார்க்க வாய்க்காலுக்குள் தள்ளி மிதித்தவன் அவன். உனக்குத் தெரியாதா, சேற்றோடு வந்தவரைக் கழுவிவிட்டதே நீதான். ஆனால் அவன் மகன்தானே உனக்கு அங்கே வேலை எடுத்துத் தந்தவன். பள்ளி லெப்பை, "மையித்துக்குப் பொறுப்பாளி ஆரு?" என்று கேட்டதும் ஜெமீல், பொறுப்பை அவனுக்குக் கொடுத்தேன் என்று உன் குரல் பதிந்த போனைத் தூக்கிப் பிடித்து எல்லாரையும் கேட்கவைத்தான். பிறகு, "இவரு ஆர்ட மனசயாவது நோகடிச்சிருந்தா அல்லாஹ்வுக்காக மன்னிச்சிருங்க" என்றான், சனம் மன்னித்தோம் என்றது. அதோடு விட்டானா, "நானும் மன்னிச்சிட்டன்" என்றான். கதவுக்குப் பின்னால் நின்ற எனக்குக் கேட்டது. மீன்காரன் றிஸ்வான், "மிதிச்சவன் மிதிபட்டவர மன்னிச்சிட்டான், பெரிய மனசுதான்" என்று சொல்ல இரண்டு பேர் சிரித்தார்கள். மையித்தை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். நான் நாலாம் வகுப்புதான், என்றாலும் இவ்வளவு விளங்கும், பொறுப்பைக் கொடுத்த பிறகு அவன் சொல் உன் சொல். அப்படியென்றால் அன்று மன்னித்தது ஜெமீல் இல்லை, நீ. மிதிபட்டதற்காகத் தன் வாப்பாவை மன்னித்த மகன் நீ.

இப்போது இத்தா முடிந்ததும் அம்ஹாவின் நிக்காஹுக்கும் உன் இடத்தில் அவனையே நிற்கச் சொல்லியிருக்கிறாயாம். வாப்பா இல்லாத பிள்ளைக்கு நிக்காஹ் செய்துகொடுக்கும் பொறுப்பாளி, வலி, நீதான், பிடித்துக் கொடுக்க வேண்டிய கை உன் கை. அவள் உனக்குச் சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், "காக்காக்குச் சொல்லுங்க உம்மா, ஜெமீல் கைய நீட்டினா நான் குமராவே இருந்திருவன்." நானும் மாப்பிள்ளை வீட்டுக்கு இப்போது நாள் இல்லை என்று சொல்லியனுப்பிவிட்டேன். நீ வந்து நின்றால் நிக்காஹ், இல்லாவிட்டால் இல்லை, அவளுக்கு வயது போனால் அந்தப் பழியும் உனக்குத்தான். வேலை போனால் போகட்டும்.

தொழுகையை விடாதே, உறைப்பைக் குறை, உனக்கு வயிறு எரியும். உனக்காகத் துஆக் கேட்கிறேன், இந்த வாய்க்குச் சாபம் கேட்கத் தெரியாது, இன்றுவரைக்கும். ஒன்று மட்டும் சொல்லு மகன், ஜெமீலை மன்னிப்பாரா என்று உன் வாப்பாவிடம் கேட்டு வர யாருக்குப் பொறுப்புக் கொடுப்பாய்?

உன்னைப் பெற்ற உம்மா,
அஸீஸா
கல்முனைக்குடி