சிவப்பு விசை

அம்மாவுக்கு, கம்பாலாவிலிருந்து வாயிஸ்வா. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தங்கை தண்ணீர் தூக்கித் தருகிறாளா? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு சிரிப்புக் கதை நடந்தது. எங்கள் வாடகை பைக் நிறுத்தத்தில் சவாரி ஏறி உட்கார்ந்த பிறகு என் வண்டி கிளம்பவில்லை. பொத்தானை அழுத்தினால் முனகல்கூட இல்லை. உதைத்தும் பார்த்தேன். பேட்டரி ஒயரை இறுக்கினேன், ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. உடனே பக்கத்தில் நின்ற ஓஜோக் மேல் பாய்ந்தேன். அவர் வடக்கிலிருந்து புதிதாக வந்து எங்களோடு வண்டி ஓட்டுகிறவர்.

"என் வண்டிலேர்ந்து எதையோ கழட்டுனது நீதான? பையத் திற."

எல்லோர் முன்னாலும் திறந்தார். அவித்த மரவள்ளிக்கிழங்கு ஒரு துண்டு இருந்தது, அவ்வளவுதான். பையை மூடிவிட்டு, என் கைப்பிடியில் இருந்த சிவப்பு விசையைத் தட்டிவிட்டார்.

"மேட்டுலேர்ந்து இறங்குறப்ப பெட்ரோல் மிச்சம் பிடிக்க இதுல இன்ஜின அணைச்சிருப்பீங்கண்ணே. நானும் இப்படி மறப்பேன். போங்க, சவாரி காத்திருக்கு."

வண்டி ஒரே அழுத்தில் கிளம்பியது. நானும் அப்படியே கிளம்பிவிட்டேன். தினமும் காலையில் அவர் வணக்கம் சொல்கிறார். நான் சங்கிலியைப் பார்ப்பதுபோல் குனிந்துகொள்கிறேன்.

வறுத்த நிலக்கடலை அனுப்புங்கள் அம்மா, இங்கே அந்த ருசி இல்லை. இரண்டு பொட்டலமாகக் கட்டி, ஒன்றில் ஓஜோக் என்று உங்கள் கையால் எழுதுங்கள். அப்போதாவது அவர் முன்னால் போய் நிற்க எனக்கு ஒரு காரணம் இருக்கும்.

சவாரி கூப்பிடுகிறது.

வாயிஸ்வா