இத்தாலியன் படிக்காத அக்காவுக்கு

அக்கா,

இன்று காலை லிட்கம் ரயில் நிலையத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் ஒரு மாண்டரின் பழத்தை உரித்தாள். தோலின் வாசம் மூக்கில் ஏறியதும், வந்த ரயிலில் ஏறாமல் அப்படியே இருந்துவிட்டேன். வகுப்பு இடைவேளையில் உங்கள் கைப்பையைத் திறந்தால் வரும் வாசம் அது. வேண்டுமா என்று கேட்காமலே பாதியை என் பக்கம் நீட்டுவீர்கள்.

நாம் சந்தித்தது கம்யூனிட்டி காலேஜின் மாலை வகுப்பில். குடிப்பழக்கத்துக்கும் சூதாட்டத்துக்கும் அடிமையானவர்களுக்கு ஆலோசனை சொல்லப் பழக்கும் படிப்பு. ஏன் சேர்ந்தோம் என்று முதல் நாள் எல்லோரும் சொல்ல வேண்டியிருந்தது. வேலை கிடைக்க உதவும் என்றேன் நான். மனிதருக்கு ஏதாவது செய்யலாம் என்றுதான் என்றீர்கள் நீங்கள். உண்மையில், என் கணவரைக் குடியிலிருந்து மீட்கும் வழி அங்கே கிடைக்கும் என்றுதான் நான் போனேன். நாங்கள் குடியிருந்த நார்த்மீட்டில் அவரைத் தெரிந்த யாரும் அவரைக் குறை சொல்ல மாட்டார்கள். நல்ல ஐ.டி. வேலை, பொங்கல் விழா என்றால் முன்னால் நிற்பவர். ஆனால் வெள்ளி மாலை தொடங்கி திங்கள் காலை வரை அந்த வீட்டில் மூச்சை அடக்கிக்கொண்டுதான் நடப்பேன்.

ஒருநாள் ஆசிரியை நம்மை ஜோடி ஜோடியாக உட்கார வைத்தார். ஒருவர் ஆலோசகர், மற்றவர் உதவி தேடி வந்தவர். நாம் இருவரும் தமிழிலேயே பேசிப் பழகலாம் என்றார். நான் குடிகாரர் ஒருவரின் மனைவியாக, கற்பனையில் ஒரு பெண்ணின் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் பேனாவை மூடி வைத்தீர்கள்.

"அந்தப் பிள்ளை படுக்கேக்க அறையைப் பூட்டிப்போட்டோ படுக்கிறவ?"

"பூட்டு இல்லக்கா. நாற்காலியை முட்டுக் கொடுத்து வைப்பேன்" என்றேன்.

வைப்பாள் என்று சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் திருத்தவில்லை. ஆசிரியை நம் பக்கம் வந்தபோது, நன்றாகப் போகிறது என்று ஆங்கிலத்தில் சொல்லி அவரை அனுப்பிவிட்டீர்கள்.

தான் குடிவரவுத் துறைக்கு ஒரு மெயில் போட்டால் போதும், இங்கே நிரந்தரமாக வசிக்கும் என் பி.ஆர். உரிமை போய்விடும், ஊருக்கு ஏற்றி அனுப்பிவிடுவார்கள் என்பார் என் கணவர். நான் அதை நம்பியிருந்தேன். அது தெரிந்ததும், எதிர் அறையில் சட்டப் பாடம் நடத்தும் ஆசிரியரிடம் என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போனீர்கள். வகுப்பில் வைத்து ஆலோசனை தரத் தனக்கு அனுமதியில்லை என்று சொல்லி, அவர் நம்மை ஓர் இலவசச் சட்ட உதவி மையத்துக்கு அனுப்பினார். கணவரின் ஒரு மெயிலால் என்னுடைய பி.ஆரைப் பறிக்க முடியாது என்று அங்கே பொறுமையாக விளக்கினார்கள்.

அன்றைக்கே கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. கதவு பூட்டியிருக்கிறது என்று நினைத்தவரை உள்ளே இருக்க ஒரு காரணம் இருந்தது. திறந்துதான் கிடக்கிறது என்று தெரிந்த பிறகு உள்ளே இருப்பது அதைவிடக் கொடுமை. அம்மாவிடம் என்ன சொல்வது, இந்த மனிதர் தனியாக என்ன ஆவார் என்று யோசித்தபடியே மாதக்கணக்கில் சமைத்தேன், துணி மடித்தேன், வகுப்புக்கு வந்தேன். ஏன் இன்னும் போகவில்லை என்று நீங்கள் கேட்கவே இல்லை. ஒருநாள் கார் நிறுத்துமிடத்தில் நானே உங்களிடம் கேட்டேன், ஏனக்கா கேட்பதில்லை என்று.

"நான் எப்பிடிப் பிள்ளை கேக்கிறது?" என்றீர்கள். "என்னை ஒருத்தரும் பூட்டி வைக்கேல்லை. நான் நானாத்தான் போய் அந்த மெஷினுக்கு முன்னால இருக்கிறன்."

உங்கள் கதை அன்றுதான் தெரிந்தது. உங்கள் கணவர் காலமான பிறகு வெறும் வீட்டில் இருக்க முடியாமல், மதியச் சாப்பாட்டுக்கு என்று பக்கத்து கிளப்புக்குப் போனது. அங்கே காசு போட்டுச் சூதாடும் போக்கி மெஷின் முன் உட்கார்ந்தது. பிறகு சாப்பாடே மறந்தது. பேரப்பிள்ளைகளை அழைத்து வருவதை மகள் குறைத்துக்கொண்டது. உதவி கேட்டுப் போக வெட்கமாக இருந்ததாம். மாணவியாகப் போய் உட்கார்ந்தால் யாருக்கும் தெரியாது என்று வகுப்பில் சேர்ந்தீர்களாம்.

கடைசியில் ஒரு பகலில், என் கணவர் அலுவலகத்தில் இருந்தபோது நான் வீட்டைவிட்டு வந்துவிட்டேன். உங்கள் லிட்கம் வீட்டின் பின்னறையில் எனக்குப் படுக்கை விரித்து வைத்திருந்தீர்கள். அங்கே இருந்த காலத்தில் நீங்கள் கிளப்புக்குப் போகாத வாரங்களும் உண்டு, போன வாரங்களும் உண்டு. ஒரு பிற்பகல் உங்களைத் தேடி வந்தேன். சன்னல் இல்லாத அந்தக் கூடத்தில் திரையின் நிறங்கள் உங்கள் முகத்தில் மாறி மாறி விழுந்தன. என்னைப் பார்க்காமலே, "இரு பிள்ளை, இந்தா வாறன்" என்றீர்கள். எழுந்திருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். நாம் வெளியே வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வீடு வந்து சேர்ந்தோம். குசினிக்குள் போய் நின்று நீங்கள் அழுதீர்கள். நான் தேநீர் போட்டேன்.

நான் தனியாக வீடு பார்த்துப் போய்க் கொஞ்ச நாளில், ஒரு காலையில் உங்கள் இதயம் நின்றுவிட்டது. இறுதிச் சடங்கில் உங்கள் மகள் என்னிடம், அம்மாவை எப்படித் தெரியும் என்று கேட்டாள். வகுப்பில் என்றேன்.

"இத்தாலியன் கிளாஸோ?" என்றாள். "ஒவ்வொரு கிழமையும் போன்ல ஒரு சொல் சொல்லிக் காட்டுவா."

காலேஜில் நம் வகுப்புக்குப் பக்கத்து அறை வாசலில் நின்று, இத்தாலியன் படிக்க வருபவர்களில் யாரையாவது பிடித்து நீங்கள் ஒரு சொல் கேட்டுக்கொள்வது எதற்கென்று அப்போதுதான் விளங்கியது. அவள் நிறுத்தவில்லை.

"இத்தாலியன் படிக்க டைம் இருந்தது. அந்தப் பழக்கத்தை விட ஒருக்காலும் ட்ரை பண்ணேல்லை."

கூடப் படிப்பவர் தன்னைப் பற்றிச் சொன்னதை வெளியே சொல்லக்கூடாது என்பது நாம் எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி. தாய் முயலவே இல்லை என்ற கசப்போடு அவளை வீட்டுக்கு அனுப்பவும் என்னால் முடியவில்லை. அம்மா இத்தாலியன் படிக்கவில்லை என்றேன். அது என்ன வகுப்பு என்பதையும், நான் எப்படி உங்கள் பின்னறைக்கு வந்து சேர்ந்தேன் என்பதையும் சொன்னேன். நீங்கள் உங்களைப் பற்றிச் சொன்ன எதையும் சொல்லவில்லை. அவள் சவப்பெட்டியின் மேல் கையை வைத்தாள்.

"ஒழுங்கா வந்தவவோ?" என்று மட்டும் கேட்டாள்.

"ஒருநாள் கூட விட்டதில்லை" என்றேன்.

அவள் இப்போதெல்லாம் என்னை அழைக்கிறாள். கேட்கிறாள், நான் கொஞ்சம் சொல்கிறேன். நீங்கள் உண்மையில் எதற்காகச் சேர்ந்தீர்கள் என்ற மீதி என்னிடமே இருக்கிறது. சொன்னால் உங்களைக் காட்டிக்கொடுத்தது போலாகும். சொல்லாவிட்டால் அவள் உங்களைப் பாதியாகவே தெரிந்துகொள்வாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டுகிறது. அடுத்த ஞாயிறு பிள்ளைகளையும் கூட்டி வருகிறாளாம். அம்மம்மா என்ன படிச்சவ என்று அவர்கள் கட்டாயம் கேட்பார்கள். மற்றவர்களுக்கு எப்படித் துணை நிற்பது என்று படித்தார் எனச் சொல்லலாமா, அக்கா? அது பொய்யில்லை.