வரிசையில் நின்ற கூடை

இன்று சமைக்க லீக்ஸ் நறுக்கினேன். கத்தி பட்டதும் எழுந்த பச்சை வாசம் என்னை நேராகப் பதுளைக்குக் கொண்டுபோய், மாடிப்படி ஏற்றி, உன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டது. நாம் கணினி படித்த அறைக்குக் கீழே மரக்கறிக் கடை. வெலிமடை லொறி வந்து இறக்கும் நாட்களில் விசைப்பலகைகூட லீக்ஸ் மணக்கும். "சான்றிதழோட ஒரு கட்டு லீக்ஸும் தருவாங்கடி" என்பாய்.

இறுதித் தேர்வில் செய்துகாட்ட மற்றவர்கள் நூலகப் பட்டியல், மருந்தகப் பட்டியல் என்று எடுத்தபோது, நாம் இருவரும் ஒரு நிரல்மொழியையே செய்யக் கிளம்பினோம். அதில் பல பணிகள் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். ஒரு பணி இன்னொன்றை அழைத்துக் கேட்டதை வாங்கிக்கொள்ள வேண்டும். எனக்கு அது திமிர். உனக்கு அப்படியில்லை. "பாஸாகலேன்னா திங்கக்கெழம தோட்டத்துல பேர் பதிஞ்சிரணும்" என்று உன் அண்ணன் சொல்லியிருந்தார். பெயர் பதிந்தால் மறுநாளே தேயிலைக் கொழுந்துக் கூடையோடு மலையேற வேண்டும்.

பரீட்சகர் வருவது சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை மத்தியானம் நம் மொழி அசைவற்றுக் கிடந்தது. முதற்பணி இரண்டாவதை அழைத்துப் பதிலுக்காகக் காத்திருந்தது. அந்தப் பதிலைச் சொல்ல இரண்டாவதற்கு முதற்பணியிடமே ஒன்றைக் கேட்க வேண்டியிருந்தது. முதற்பணியோ காத்திருப்பதால் எந்த அழைப்பையும் எடுக்கவில்லை. முழுவதையும் மாற்றி எழுத வேண்டும் என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ திரையைப் பார்த்தபடியே கேட்டாய்:

"எங்கம்மா கொழுந்து நிறுக்க வரிசையில நிக்கிறாங்க. புள்ளைக்காம்பராவுல கைப்புள்ள நான் பசியில கத்துறேன். பாத்துக்கிற ஆயம்மா ஆளனுப்புறாங்க. எங்கம்மா என்ன செய்வாங்க?"

"வரிசைய விட்டுட்டு ஓடுவாங்க."

"விட்டா திரும்ப கடைசியிலதான் நிக்கணும். கூடைய வரிசையிலயே வச்சிட்டு ஓடுவாங்கடி! பின்னாடி நிக்கிறவங்க அதையும் முன்னுக்குத் தள்ளி விடுவாங்க. அதுக்குள்ள பால் குடுத்துட்டு வந்துருவாங்க. நாம இங்க கூடையோட ஆளையும் சேத்துல்ல நிக்க வச்சிருக்கோம்!"

அழைப்பு மட்டும் வரிசையில் நிற்கட்டும்; அழைத்த பணி அதுவரை தன்னைக் கூப்பிடுகிறவர்களுக்குப் பதில் சொல்லட்டும். அந்தப் பகுதிக்குக் 'கூடை' என்றே பெயர் வைத்து எழுதினோம். ஓடவிட்டதும் எதுவும் உறையவில்லை. ஆனால் ஒன்றுக்கு வர வேண்டிய பதில் இன்னொன்றுக்குப் போய்ச் சேர்ந்தது.

"உங்கம்மா கொழுந்த வேற யார் பேர்லயோ போட்டுட்டாங்கடி" என்றேன். மேசையில் தலைசாய்த்துச் சிரித்தாய்.

"அதுக்குத்தானே எங்கம்மா கூடையில செவப்புத் துணி கட்டுறாங்க!"

ஒவ்வோர் அழைப்புக்கும் ஓர் அடையாள எண் கட்டினோம். உன் கடைசி பஸ் புறப்பட ஆறு நிமிடம் இருந்தபோது நான்கு பணிகளும் ஓடின. நாம் போட்ட கூச்சலில் கீழேயிருந்து கடைக்காரர், "என்ன புள்ளைகளா, லொத்தர் விழுந்திருச்சா?" என்றார்.

மறுநாள் பரீட்சகர் நான்கையும் பார்த்துவிட்டு, "இருபது விடுங்க பாப்போம்" என்றார். நாம் சோதித்தே பார்க்காத எண்ணிக்கை. மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் எண்ணைத் தட்டினாய். இருபது பதில்களும் மளமளவென்று திரையில் விழுந்தன.

"இது எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"புத்தகத்துல இல்ல சேர். எங்கம்மா நிறுக்கிற எடத்துல இருக்கு."

அந்தத் திங்கட்கிழமை நீ பெயர் பதியப் போகவில்லை. அடுத்த மாதமே பண்டாரவளையில் கணினி கற்பிக்கத் தொடங்கினாய். நான்கு வருடம். பிறகு ஒரு மழைக்காலக் காய்ச்சல் ஆறே நாளில் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

நான் இன்னும் இதே வேலையில்தான் இருக்கிறேன். எதற்காகக் காத்திருந்தாலும் அந்நேரம் தொலைபேசியில் என்னைக் கூப்பிடுவது யார் என்று பார்த்துவிடுவேன். பெரும்பாலும் உன் அம்மா. முதல் வருடம் அழுவார். ஒருநாள் அழுகை அடங்கியதும், "அவ பேரு தோட்டத்துல ஏறவே இல்லம்மா. எனக்கு அது போதும்" என்றார். போன வாரம் பேச்சோடு பேச்சாகக் கேட்டார்:

"நீங்க ரெண்டு பேரும் செஞ்சீங்களே, அதே வேலதானா? இப்ப எத்தன ஓடுது?"

"ஆயிரக்கணக்குல ஓடுதும்மா."

"ஒண்ணும் நின்னுறலையே?"

"நிக்கலம்மா. எல்லாம் ஓடுது!"